மிதிச்சா ஊளையா, விட்டா ஊளையா?

வண்டி ஊளை போட ஆரம்பிச்சிருச்சாமே மருமவனே? ரொம்ப சந்தோசம். ஊர்ல நாலு பட்டறைக்காரர் வீட்டு அடுப்பு எரிய வேண்டாமா? தாராள மனசுக்காரன் நீ இல்லேன்னா அவுக புள்ளைகளுக்குக் காலேஜ் பீஸ் யாரு கட்டுவா?

ஊளை கேட்ட ஒடனே என்ன செய்யணும்னு ஒனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. நீயே எல்லாத்தையும் முறையாச் செஞ்சிருக்க. பாட்டுச் சத்தத்தக் கூட்டி வச்ச. அதையும் மீறிக் கேக்கவும் கண்ணாடிய ஏத்திவிட்டு ஏசிய முடுக்குன. பெறகு அந்தச் சத்தத்தப் போன்ல பிடிச்சு, சித்தப்பன் பெரியப்பன்னு வாட்ஸ்அப்புல அம்புட்டுப் பேருக்கும் அனுப்பி வச்ச. எனக்கும் வந்துச்சு. ‘ங்ஙொய்ய்ய்’னு ஒரு சத்தம், நடுவுல ஒன் பொண்டாட்டி ‘மெதுவாப் போங்க’ங்குறா. அதுல எனக்குத் தெளிவாக் கேட்டது அந்தப் புள்ள சொன்னது மட்டுந்தான். டீக்கடையில ஒருத்தன் கிரவுன் போச்சுன்னான். ஒன் மச்சினன் கியர் பாக்ஸ எறக்கணும்னான். பட்டறையில வண்டிய ஒரு தெருக்கூட ஓட்டிப் பாக்காம, ‘கிரவுன் பினியன் செட்டு, பேரிங் கிட்டு, லேபர்’னு துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்துட்டாக. நீயும் அத மடிச்சுச் சட்டப் பையில பத்திரமா வச்சிருக்க.

இப்ப நான் சொல்றதக் கேளு. ஊளைக்கு வாய் இருக்கு. அதுகிட்டக் கேள்வி கேட்டா அது பதில் சொல்லும். எப்ப வார, எப்ப போற, எந்த வேகத்துல கூடுற, எந்தக் கால எடுத்தா அடங்குறன்னு கேக்கணும். ஸ்பேனரக் கையில எடுக்குறதுக்கு முந்தி இம்புட்டையும் ரோட்டுல வச்சுக் கேட்டு முடிச்சிறணும். வண்டியத் தூக்கி நிறுத்திட்டா அது வாயத் தொறக்காது. ‘சத்தமே இல்லையே சார்’னு பட்டறையில சொல்றாகள்ல, அது பொய்யில்ல. பல்லு மேல லோடு இல்லாட்டி பல்லு கத்தாது. நின்ன எடத்துல சக்கரத்த அந்தரத்துல சுத்தவிட்டா பேரிங் சத்தம் கேக்கலாம், கிரவுன் ஊளை கேக்காமலே போயிரும்.

ஒன் வண்டி பொலிரோ. எஞ்சின் நீளவாக்குல ஒக்காந்திருக்கு, அதுக்குப் பின்னால கியர் பாக்ஸ், அடியில ஓடுற நீளக் கம்பிதான் ஜாயிண்ட் ஷாப்ட். அது பின்னால போயி ஹவுசிங்குக்குள்ள நுழையுது. உள்ள ஒரு சின்னப் பல்லு பினியன், ஒரு பெரிய பல்லு கிரவுன். பழைய அம்பாசடரும் இதே வழிதான். அத 2014-ல நிறுத்துற வரைக்கும் நம்ம டிரைவர்மாரு பாதிப் பேருக்குக் காதுல இந்த ஊளை குடியிருந்துச்சு. அவுக சத்தத்த வச்சே வேகம் சொல்லுவாக. ஸ்பீடாமீட்டர் வேல செஞ்சாத்தான?

எப்படிச் சொல்லுவாகன்னு கேக்கியா? கணக்குத்தான். நீ பத்தாங் கிளாஸ் கணக்குப் பரிச்சையில என்ன வாங்குனன்னு எனக்குத் தெரியும், அதனால மெதுவாவே சொல்றேன். பல்லு எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும். பேச்சுக்குப் பினியன்ல 9, கிரவுன்ல 41ன்னு வச்சுக்க. ஒன் டயரு 215/75 ஆர்15. அது ஒரு சுத்து சுத்துனா ரெண்டே கால் மீட்டருக்குக் கொஞ்சம் கொறைய வண்டி நகரும். மணிக்கு 60 கிலோமீட்டர்ல போனா விநாடிக்கு ஏழரைச் சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் 41 பல்லு வந்து பினியன் மேல பொருந்தணும். ஆக, விநாடிக்குச் சுமார் 310 தடவ பல்லோட பல்லு சேருது. அந்த 310தான் ஒன் காதுல ஊளையா விழுது. வேகம் 30-ன்னா அது 155. சுருதி அப்படியே பாதியா எறங்கிரும். போன்ல சத்தத்தோட ஹெர்ட்ஸ் காட்டுற செயலி இருக்கு, காசு கெடையாது. ரீல்ஸ் பாக்குற நேரத்துல அத எறக்கி வச்சுக்கிட்டுப் பக்கத்துல ஒருத்தர ஒக்கார வச்சுப் பாக்கச் சொல்லு. 60-ல 310 பக்கத்துல ஒரு முள்ளு எழும்புச்சுன்னா குத்தவாளி யாருன்னு பாதி தெரிஞ்சு போச்சு.

சரி, விசாரணைய ஆரம்பிப்போம். வண்டிய நிறுத்து. கியர நியூட்ரல்ல போட்டு ஆக்சிலேட்டர மெதுவா மிதி. நின்ன எடத்துலயே ஊளை ஏறி எறங்குதா? அப்ப ஜாயிண்ட், கிரவுன் எதுக்கும் இதுல பங்கு இல்ல. ஸ்டீரிங்க ஒடிச்சுப் பாரு, ஒடிக்கும்போது கூடுச்சுன்னா பவர் ஸ்டீரிங் பம்பு. டப்பாவுல ஆயில் எறங்கியிருக்கும், நீ அந்த மூடியத் தொறந்தே வருசமாகியிருக்கும். ஸ்டீரிங்குக்கு மசியலேன்னா ஆல்டர்னேட்டர் பேரிங், பெல்ட் ரோலர்னு பாக்கணும். டீசல் வண்டியில டர்போ வேற இருக்கு, மேட்டுல மிதிக்கும்போது சன்னமா விசிலடிக்கும். அது அதோட கொணம். அதக் கேட்டுட்டு ஹவுசிங்கக் கழட்டுனவுகளும் உண்டு. நான் பேரு சொல்லல.

நியூட்ரல்ல நிக்கும்போது ஒரு சத்தம் இருந்து, கிளட்ச்ச அமுக்குன ஒடனே அது நின்னா கியர் பாக்ஸ் முன் ஷாப்ட் பேரிங். அமுக்குனாத்தான் வருதுன்னா கிளட்ச் ரிலீஸ் பேரிங். ரெண்டையும் மாத்திச் சொல்லி மாத்திக் கழட்டுன வண்டிக நெறைய உண்டு.

நின்னா சத்தமில்ல, ஓடுனாத்தான் வருதுன்னா இனிமேத்தான் விசயம். மதுரை – திருநெல்வேலி நாலு வழிச் சாலைக்கு வா. காலையில வெயில் ஏறுறதுக்கு முந்தி, சாத்தூரத் தாண்டி நேர் ரோடா இருக்குற எடத்துல 60-ல நாலாவது கியர்ல போ. ஊளை வரட்டும். வேகத்த மாத்தாம மூணாவது கியருக்கு எறக்கு. எஞ்சின் சுத்து ஏறிரும், வண்டி வேகம் அதே 60. ஊளையோட சுருதியும் ஏறிருச்சா? அப்ப அது எஞ்சினோட சேந்தது, எஞ்சின்ல இருந்து கியர் பாக்ஸுக்குள்ள வரைக்கும் தேடு. சுருதி அப்படியே நிக்குதா? கியர் பாக்ஸோட பின்வாயில இருந்து சக்கரம் வரைக்கும் எங்கயோ இருக்கு. ஒரு காசு செலவு இல்லாம வண்டிய ரெண்டாப் பிரிச்சு, பாதிய விடுதல பண்ணியாச்சு. இந்த ஒரு கேள்வியக் கேக்காமத்தான் ஒன் மச்சினன் கியர் பாக்ஸ எறக்கச் சொன்னான்.

கியர் பாக்ஸ் சத்தத்துக்கு இன்னொரு அடையாளம் இருக்கு. பின்சக்கர வண்டிகள்ல பெரும்பாலும் நாலாவது கியர் நேர் கியர். உள்ள வர்ற ஷாப்ட்டும் வெளிய போற ஷாப்ட்டும் ஒண்ணாப் பூட்டிக்கும், பல்லு மேல பாரம் இருக்காது. அதனால மூணுல கத்தி, அஞ்சுல கத்தி, நாலுல மட்டும் அடங்குச்சுன்னா கியர் பாக்ஸ்தான் வாயாடி. ரிவர்ஸ்ல மட்டும் கத்துதேன்னு வந்து நிக்காத. பல வண்டியில ரிவர்ஸ் பல்லு நேரா வெட்டுனது, மத்த கியருக்குத்தான் சாய்ச்சு வெட்டியிருக்கும். நேர்ப் பல்லு கத்தத்தான் செய்யும். கம்பெனியில இருந்து வரும்போதே கத்துனதுதான், நீ இப்பத்தான் பாட்ட நிறுத்தியிருக்க.

இப்ப 60-லயே நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு உருளவிடு. பின்னால லாரி எதுவும் வரலையான்னு கண்ணாடியப் பாத்துட்டுச் செய்யி. எஞ்சின மட்டும் அணைச்சிராத மருமவனே. பிரேக் பூஸ்டரு, பவர் ஸ்டீரிங் ரெண்டும் ஒன்னயக் கைவிட்டுரும், சாவிய உருவுனா ஸ்டீரிங்கே பூட்டிக்கும். சிக்கனமா ஓட்டுறேன்னு எறக்கத்துல சாவியத் திருப்புற வீரமெல்லாம் வேண்டாம். உருளும்போது சத்தம் கொஞ்சங்கூட மாறாம அப்படியே வந்துச்சுன்னா, டயரையும் வீல் பேரிங்கையும் மொதல்ல சந்தேகப்படு. காலத் தூக்குன ஒடனே மாறிருச்சுன்னா கிரவுன் பக்கம் போகலாம்.

டயர் சத்தத்துல ஏமாந்தவுகதான் நாட்டுல அதிகம். அது ‘ஹூம்ம்’னு ரீங்காரமா வரும், கிரவுன் ஊளைக்கும் இதுக்கும் தூரத்துச் சொந்தம் இருக்கு. ஆனா ரோடு மாறுனா டயர் சத்தம் மாறிரும். எட்டூர்வட்டம் டோல்கேட்டுக்குப் போ. தார் ரோட்டுல வந்த சத்தம் சிமெண்ட் தளத்துல ஏறுனதும் வேற சத்தமாச்சுன்னா டயரேதான். கிரவுனுக்குத் தாரும் தெரியாது சிமெண்டும் தெரியாது. எறங்கி டயர் மேல உள்ளங்கைய வச்சு முன்னும் பின்னும் தடவு. ஒரு பக்கமாத் தடவுனா வழவழன்னும், எதிர்ப் பக்கமாத் தடவுனா கையில இடறியும் வந்துச்சுன்னா பல்லுப் பல்லாத் தேஞ்சிருக்கு. முன் டயரப் பின்னாலயும் பின் டயர முன்னாலயும் மாத்திப் போட்டு ஓட்டு. சத்தம் எடம் மாறிருச்சுன்னா, சட்டப் பையில இருக்குற அந்தத் துண்டுச் சீட்டக் கிழிச்சுப் போட்டுரு.

வீல் பேரிங்னா ‘கொர்ர்ர்’னு வரும், சுருதி சுத்தம் இருக்காது. ஆளில்லாத ரோட்டுல 50-ல போயி வண்டிய லேசா எடது பக்கம் வளை, பெறகு வலது பக்கம். எடது பக்கம் வளைச்சா பாரம் வலது சக்கரத்துல ஏறும். அப்பக் கொர்ர்னு கூடுச்சுன்னா வலது பேரிங். வலது பக்கம் வளைச்சாக் கூடுச்சுன்னா எடது. லேசாத்தான் வளைக்கணும். எங்க மாமா சொன்னாருன்னு பாம்பா நெளிச்சு ஓட்டிப் போலீஸ்கிட்ட நின்னா, ஊதச் சொல்லுவாக.

இப்ப ஹவுசிங்குக்கு வாரேன். இங்கதான் மருமவனே கொஞ்சம் ஒக்காந்து பேசணும்.

இந்தப் பினியன் கிரவுனோட நடுமையத்துக்கு நேரா வந்து சேராது, கொஞ்சம் கீழ தள்ளி வந்து சேரும். ஹைப்பாயிட்னு பேரு. அமெரிக்காவுல பக்கார்டு கம்பெனி 1926-ல காருல போட்டு ஓட்டுனது. பினியன் எறங்குனா ஜாயிண்ட் எறங்கும், ஜாயிண்ட் எறங்குனா வண்டித் தளம் எறங்கும், பல்லும் சத்தமில்லாம ஓடும். சத்தத்தக் கொறைக்கவும் சேத்து வந்த பல்லு இப்ப ஒன் வண்டியில பாட்டுக் கச்சேரி நடத்துது, ஒன் ராசி அது. இந்தப் பல்லு ஒண்ணு மேல ஒண்ணு உருளுறதோட நிக்காது, வழுக்கவும் செய்யும். அந்த வழுக்கல் எடத்துல அழுத்தம் பயங்கரமா இருக்கும், சாதா ஆயில் பிஞ்சு போயிரும். அதனாலதான் ஜிஎல்-5ன்னு போட்ட ஆயில ஊத்தச் சொல்றது, 80 டபிள்யூ-90 மாதிரி. அதுல கந்தக மருந்து கலந்திருக்கும், மோந்து பாத்தா மூக்கச் சுளிப்ப. கெட்டுப் போச்சுன்னு நெனைக்காத, அதோட வாசனையே அதான். கியர் பாக்ஸுக்கு வாங்குன ஜிஎல்-4 மிச்சம் கெடக்குன்னு ஹவுசிங்ல ஊத்துற சிக்கனக்காரரு ஊருக்கு ஒருத்தர் இருப்பாரு. ஒங்க ஊர்ல அது யாருன்னு கண்ணாடியப் பாத்தாத் தெரியும்.

கால வச்சுக் கேக்குற கேள்வி இங்கதான் பலிக்கும். மிதிச்சா ஊளையா, விட்டா ஊளையா? பல்லுக்கு ரெண்டு மொகம். மிதிக்கும்போது ஒரு மொகம் பாரத்தத் தாங்கும், கால எடுத்து எஞ்சினே வண்டிய இழுத்துப் பிடிக்கும்போது மறு மொகம் தாங்கும். மிதிச்சா மட்டும் ஊளைன்னா, ஓட்டுற மொகம் தேஞ்சிருக்கு, இல்ல பல்லு பொருந்துற எடம் தவறியிருக்கு. கால எடுத்தா மட்டும் ஊளைன்னா, பெரும்பாலும் பினியன் நட்டு தளந்து பேரிங்ல எறுக்கம் போயிருக்கும். மிதிக்காம விடாம வேகத்தத் தாங்கிப் பிடிக்கும்போது கொரகொரன்னு வந்துச்சுன்னா பினியன் பேரிங் தேஞ்சிருக்கலாம். ஊளை எதுவும் இல்லாம கிளட்ச்ச விடும்போது ‘டங்’னு ஒரு அடி மட்டும் விழுதுன்னா ஜாயிண்ட் கிராஸப் பாரு. மெதுவாப் போகும்போது குருவிச் சத்தம் கீச்சுகீச்சுன்னு வந்தாலும் அதே கிராஸ்தான், கிரீஸ் பாத்து எம்புட்டு நாளாச்சோ.

இன்னொரு கேள்வி இருக்கு. இத யாரும் கேக்க மாட்டாக. ஊளை வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி அந்த எடத்துல யாரு கை வச்சா? ஹவுசிங் மூக்குல ஆயில் ஒழுகுச்சு, சீல் மாத்துனோம்னு சொல்லுவ. சீலு நூறு எரநூறு ரூவா சாமான். ஆனா அத எடுக்கணும்னா பினியன் நட்டக் கழட்டணும். அந்த நட்டு வெறும் நட்டு இல்ல. பல வண்டியில அதுக்குள்ளாற ஒரு நசுங்குற புஷ் இருக்கும். நட்ட முறுக்க முறுக்க அது அளவா நசுங்கி, ரெண்டு பேரிங்குக்கும் இம்புட்டுத்தான் எறுக்கம்னு நிக்கும். கழட்டுறதுக்கு முந்தி நட்டுக்கும் ஷாப்ட்டுக்கும் சேத்துப் புள்ளி குத்தி வைக்கணும், பினியனக் கையால சுத்த எம்புட்டு வலு வேணும்னு அளந்து வைக்கணும், மாட்டும்போது அந்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தணும். நம்மாளு என்ன செய்வாரு? ஸ்பேனர் வாலுல மூணடிப் பைப்பச் சொருகி, பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரு முறுக்கு, ‘ஆயுசுக்கும் கழலாது சார்’னு சொல்லி ஒன் முதுகுல தட்டிக் குடுப்பாரு. கழலாதுதான். பேரிங் மெரிபட்டுச் சூடேறும், பல்லு பொருத்தம் மாறும், அடுத்த வாரமே ஊளை வரும். நீ திரும்ப அதே பட்டறைக்குப் போவ. அவரு நீட்டுற சீட்டுல கிரவுன் பினியன் செட்டு இருக்கும். சீல் மாத்துன பெறகு பொறந்த ஊளைக்குக் கிரவுன மாத்தச் சொன்னாகன்னா, ஒரு சொம்பு மோர் குடிச்சிட்டு வேற பட்டறைக்குப் போ.

போறதுக்கு முந்தி ஆயில நீயே பாத்துரு. சமதரையில வண்டிய நிறுத்தி, ஹவுசிங்ல மேல இருக்குற பிளக்கக் கழட்டி விரல விடு. ஓட்டையோட கீழ்விளிம்பு வரைக்கும் ஆயில் நிக்கணும். விரலுக்கு எட்டலேன்னா கத்துனதுக்குக் காரணம் கெடைச்சிருச்சு. வெள்ள வெளேர்னு பாலா வந்துச்சுன்னா உள்ள தண்ணி போயிருக்கு. போன மழைக்குக் கண்மாய் மறுகால் போகும்போது தரைப்பாலத்துல வண்டிய விட்டு வீடியோ எடுத்தியே, அப்பப் போனதுதான். ஓடிச் சூடா இருக்குற ஹவுசிங் திடீர்னு தண்ணிக்குள்ள குளுந்தா உள்ள காத்து சுருங்கும், சீல் வழியாவும் மூச்சுக் குழாய் வழியாவும் தண்ணிய உறிஞ்சிக்கும். அந்த மூச்சுக் குழாய் சேறடைச்சுக் கெடந்தா வேற வம்பு, சூட்டுல உள்ள அழுத்தம் ஏறி ஆயிலச் சீல் வழியா வெளிய தள்ளும். அதப் பாக்காம எத்தன சீல் மாத்துனாலும் ஒழுகிக்கிட்டேதான் இருக்கும். வீடியோவுக்கு எத்தன லைக் வந்துச்சு? அதுல பாதிப் பேரு ஆளுக்குப் பத்து ரூவா அனுப்பியிருந்தா ஆயிலாவது மாத்தியிருக்கலாம்.

கீழ் பிளக்குல காந்தம் இருந்தா அதையும் பாரு. மையாட்டம் கருப்புக் கொழகொழப்பு ஒட்டியிருந்தா அது நாள்பட்ட தேய்மானம், தொடச்சிட்டு மாட்டு. ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சா நறுக்நறுக்குன்னு சில்லு அகப்பட்டுச்சுன்னா ஊருக்கெல்லாம் ஓட்டாத, நேரா நல்ல பட்டறைக்குப் போ. பினியன் பேரிங் முழுசாச் சிக்கிக்கிட்டா பின் சக்கரம் ரெண்டும் ஓடுற ஓட்டத்துல பூட்டிக்கும். அதுல நையாண்டி பண்ண ஒண்ணுமில்ல.

தூக்கிக் கேக்கணும்னா முறை இருக்கு. முன் சக்கரத்துக்குக் கட்டை குடுத்து, பின் ஆக்சில் ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு மேல நிக்கணும். ஜாக்கிய மட்டும் நம்பி அடியில தலய விட்டவுக கதை ஒனக்கு வேண்டாம். ஒரு சக்கரத்த மட்டும் தூக்கி கியர்ல போடாத. தரையில நிக்கிற சக்கரம் அசையாது, தூக்குனது ரெண்டு பங்கு வேகத்துல சுத்தும், ஜாக்கி நழுவுனா வண்டி செவத்துல போயி முட்டும். ரெண்டையும் தூக்கி, உள்ள ஒருத்தர ஒக்கார வச்சு மெதுவாச் சுத்தவிட்டு, நீளத் திருப்புளியோட கைப்பிடியக் காதுக்கிட்ட வச்சு முனைய ஹவுசிங் மூக்குல வை. பெறகு பக்கவாட்டுல, பெறகு சக்கரத்துப் பக்கம். எங்க கொரகொரப்பு கூடுதோ அந்தப் பேரிங்தான். சட்ட தொங்குதா, துண்டு தொங்குதான்னு பாத்துட்டுக் கிட்டப் போ.

கடைசியில கிரவுன் பினியன்தான்னு முடிவானா ரெண்டயும் சேத்துத்தான் மாத்தணும். கம்பெனியில ரெண்டயும் ஒண்ணா ஓடவிட்டு ஒண்ணுக்கொண்ணு தேய்ச்சுச் சோடியாத்தான் அனுப்புறாக. பழைய கிரவுனுக்குப் புதுப் பினியனக் கட்டி வச்சா, வயசு பாக்காமப் பண்ணுன கல்யாணந்தான், ராத்திரி பகலாச் சண்ட. காயலாங்கடையில எடுக்குறதா இருந்தாலும் ஹவுசிங்கோட முழுசா எடு, பல்ல மட்டும் பொறுக்கிட்டு வராத. மாட்டும்போது மெக்கானிக் பக்கத்துல நில்லு. கிரவுன் பல்லுல மைய பூசிச் சுத்திப் பாத்து, பல்லு நடுவுல அச்சு விழுதான்னு பாக்குறாரா? டயல் கேஜ் வச்சுப் பல்லிடுக்குல எம்புட்டு ஆட்டம் இருக்குன்னு அளக்குறாரா? பல வண்டிக்கு அது 0.13-ல இருந்து 0.20 மில்லிமீட்டர், ஒன் வண்டிக்குரிய அளவு புஸ்தகத்துல இருக்கும். தலமுடி ரெண்டு மூணு கனம். அத வெரலால ஆட்டிப் பாத்து ‘கரெக்டா இருக்கு சார்’னு சொன்னா, அவரு கைக்குத் தங்கக் காப்புதான் போடணும். இந்த ரெண்டு வேலையவும் பொறுமையாச் செய்யிற மனுசன் கெடைச்சா லேபருக்குப் பேரம் பேசாத. ஆயிலுக்குப் பேரம் பேசுற மருமவன் நீ, இதையாவது கேளு.

ஆல்டோ வச்சிருக்குற ஒன் தம்பிக்கும் ஒரு வார்த்த. அவன் வண்டி முன்சக்கர வண்டி. பின்னால ஹவுசிங்கும் கெடையாது, ஜாயிண்ட்டும் கெடையாது, எல்லாம் கியர் பாக்ஸோட ஒண்ணா முன்னால இருக்கு. அவன்கிட்ட யாராவது ‘பின்னால கிரவுன் போச்சு’ன்னு சொன்னா, போயி இருந்தா எடுத்துக் குடுங்கன்னு சொல்லச் சொல்லு. முழுசா ஒடிச்சுத் திருப்பும்போது டக்டக்குன்னு வந்தா அது முன் ஆக்சில் ஜாயிண்ட், ஊளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

இனி வண்டி வாங்கப் போனா என்னயக் கூப்பிடு. ஹவுசிங்குக்குள்ள மரத்தூளு, வாழப்பழம், கட்டிக் கிரீஸுன்னு திணிச்சு ஊளைய அமுக்கி வண்டி விக்கிறது ரொம்பப் பழைய தரகர் வித்தை. ஊளை கொஞ்ச நாளைக்கு அடங்கும், பேரிங் சீக்கிரம் சாகும். அந்தப் பிளக்கக் கழட்டி விரல விட்டா ஒரு நிமிசத்துல குட்டு வெளிப்பட்டுரும். நீ வாங்கும்போது சீட்டு உறையத்தான் தடவித் தடவிப் பாத்த.

எல்லா ஊளைக்கும் வைத்தியம் வேணும்னும் இல்ல. ஆயில் நெறஞ்சு சுத்தமா இருக்கு, காந்தத்துல சில்லு இல்ல, மாசக் கணக்கா அதே வேகத்துல அதே சத்தம், கூடவும் இல்ல கொறையவும் இல்லன்னா விட்டுரு. அத எம்புட்டு வருசம் வேணும்னாலும் கூட்டிக்கிட்டு ஓட்டலாம். நல்லா பொருந்தி ஓடுற பல்லக் கழட்டித் திரும்ப மாட்டி, இல்லாத ஊளைய வெலைக்கு வாங்காத. கூடிக்கிட்டே வந்துச்சுன்னா, இல்ல ஊளை மாறிக் கொரகொரன்னு ஆச்சுன்னா அப்பத் தாமதிக்காத.

ஆக, அந்தச் சீட்டத் தூரப் போட்டுட்டு வேற சீட்டு எழுது. எந்த வேகத்துல வருது, எந்த கியர்ல, மிதிச்சா விட்டா, வளைச்சா நேராப் போனா, எந்த ரோட்டுல, சீலு எப்ப மாத்துனது. அத மெக்கானிக் கையில குடு. படிச்சுப் பாத்துட்டு ‘வாங்க ஓட்டிப் பாப்போம்’னு எந்திரிக்கிறவருகிட்ட வண்டிய விடு. வேலை முடிஞ்சதும் புதுப் பல்ல மொத 800 கிலோமீட்டருக்கு வெரட்டாத, பாரம் ஏத்தாத, பெறகு அந்த ஆயில மாத்திரு. காசு எண்ணிக் குடுக்குறதுக்கு முந்தி அவரையும் ஏத்திக்கிட்டு, பாட்ட நிறுத்திட்டு, அதே ரோட்டுல அதே 60-ல ஒரு தடவ ஓட்டிக் காட்டச் சொல்லு.